பொருத்தப் பட்டியல்: அது சொல்வதும் சொல்லாததும்

திருமணப் பொருத்தத்தில் நம்பிக்கை உள்ளவரும் உண்டு; இல்லாதவரும் உண்டு. ஆனால், ஓடிக்கொண்டிருக்கும் ஒரு சர்வரில் புதிய இயங்குதளத்தை ஏற்றுமுன் பொருத்தம் பார்க்க வேண்டும் என்பதில் இரண்டு கருத்துகளுக்கு இடமில்லை. சர்வர் என்பது பலருக்கு ஒரே நேரத்தில் பணி செய்யும் கணிப்பொறி. ஒரு கல்லூரியின் மதிப்பெண் பதிவேடு, ஒரு மருத்துவமனையின் நோயாளர் விவரம், ஒரு கூட்டுறவுச் சங்கத்தின் வரவு செலவுக் கணக்கு முதலியன அதனுள் இருக்கும். வீட்டுக் கணிப்பொறி பழுதானால் ஒருவர் வேலை கெடும். சர்வர் நின்றால் அதை நம்பியிருப்போர் அனைவரும் வரிசையில் காத்து நிற்க நேரும்.

அப்படியானால், ஓடுகிறதை ஓடவிட்டுச் சும்மா இருந்துவிடலாமே என்று கேட்கலாம். அதுவும் ஆகாது. இயங்குதளம் ஒவ்வொன்றுக்கும் ஓர் ஆயுட்காலம் உண்டு. உலகெங்கும் சர்வர்களில் பரவலாக வழங்கிய சென்ட்ஓஎஸ் லினக்ஸ் 7 என்னும் தளத்தின் பராமரிப்பு 2024 ஜூன் 30-ஆம் நாளோடு முடிந்தது. அதற்குப் பின் கண்டுபிடிக்கப்படும் பாதுகாப்புக் குறைகளுக்கு, அதை வெளியிட்டவர்களிடமிருந்து திருத்தம் வராது. ஆகவே புதிய தளத்திற்கு மாறித்தான் ஆக வேண்டும். பழைய இயந்திரம் அந்தப் புதிய தளத்தை ஏற்குமா? இந்த வினாவுக்கு விடை தருவதாக நாம் நம்பும் ஆவணமே வன்பொருள் பொருத்தப் பட்டியல்.

கதை நூல்களைத் திறனாய்வு செய்கிறோம். பாடநூல்களையும் சில வேளைகளில் செய்கிறோம். பல லட்சம் ரூபாய் பெறுமானமுள்ள இயந்திரங்களின் வாழ்வையும் முடிவையும் தீர்மானிக்கும் இந்தப் பட்டியல்களை மட்டும் யாரும் எடுத்து நிறை குறை பார்ப்பதில்லை. அவற்றில் வழங்கும் "ஆதரவு இல்லை" என்ற தொடர் எதைக் குறிக்கிறது என்று ஆராய்ந்தாலே பல உண்மைகள் புலப்படும்.

பட்டியல் பிறக்கும் விதம்

ரெட் ஹாட், மைக்ரோசாஃப்ட், வி.எம்.வேர் ஆகிய மூன்று பெயர்களிலும் இத்தகைய பட்டியல்கள் உண்டு. வி.எம்.வேரை 2023 நவம்பரில் பிராட்காம் நிறுவனம் வாங்கிவிட்டதால் அதன் பட்டியல் இப்போது பிராட்காமின் பொறுப்பில் இருக்கிறது. மூன்றும் உருவாகும் முறை ஏறக்குறைய ஒன்றே. சர்வரைச் செய்கிற நிறுவனம், இயங்குதளத்தைச் செய்கிற நிறுவனம் வகுத்த சோதனைகளைத் தன் இயந்திரத்தில் ஓட்டிப் பார்க்கிறது. முடிவுகள் ஏற்கப்பட்டால் அந்த மாதிரி பட்டியலில் ஏறுகிறது.

இதன் நிறையை முதலில் சொல்லிவிட வேண்டும். பட்டியலில் ஒரு மாதிரியின் பெயர் இருந்தால், குறிப்பிட்ட நுண்செயலியுடன், குறிப்பிட்ட பதிப்பில், அது ஒரு சோதனைச்சாலையில் உண்மையாகவே ஓடியிருக்கிறது என்று பொருள். இது சிறிய உறுதிமொழி அன்று. சிக்கல் வந்தால் "எங்கள் பொறியாளர் கேட்பார்" என்ற வாக்குறுதியும் அதனுள் அடங்கியிருக்கிறது.

ஆனால் ஒன்றைக் கவனிக்க வேண்டும். நிறுவனங்கள் பெரும்பாலும் தாங்கள் அப்போது விற்றுக்கொண்டிருக்கும் மாதிரிகளையே சோதனைக்கு உட்படுத்துகின்றன. விற்பனை நின்றுபோன மாதிரியைப் புதிய தளத்தில் மீண்டும் சோதிக்க அவற்றுக்கு வணிக நோக்கில் காரணம் இல்லை. எனவே பட்டியலில் பெயர் இருப்பது ஒரு சோதனையின் முடிவு; பெயர் இல்லாதிருப்பதோ எந்தச் சோதனையின் முடிவும் ஆகாமல் இருக்கலாம். பட்டியலோ இவ்வேறுபாட்டைச் சொல்வதில்லை.

ஒரே தொடர், மூன்று பொருள்

இங்கேதான் முதற்குறை தொடங்குகிறது. "ஆதரவு இல்லை" என்ற ஒரே தொடர் குறைந்தது மூன்று வேறுபட்ட நிலைகளைக் குறிக்கிறது.

முதல் நிலை, நுண்செயலிக்குப் புரியாத கட்டளைகள். ஒரு நுண்செயலி எந்தெந்தக் கட்டளைகளை அறியும் என்பது அது செய்யப்படும்போதே முடிவாகிவிடுகிறது. இன்டெல், ஏ.எம்.டி. நுண்செயலிகளின் கட்டளைத் தொகுதிகளை 2020-ஆம் ஆண்டில் இன்டெல், ஏ.எம்.டி., ரெட் ஹாட், சூசே ஆகியோர் கூடிப் படிநிலைகளாக வகுத்தனர். இவற்றுள் இரண்டாம் படியை 2008-இல் வந்த இன்டெல் நெஹலம் வகை நுண்செயலிகளே எட்டிவிட்டன. மூன்றாம் படிக்கு 2013-இல் தோன்றிய ஹாஸ்வெல் வகை தேவை. ரெட் ஹாட் எண்டர்பிரைஸ் லினக்ஸ் 9 (2022) இரண்டாம் படியையும், பதிப்பு 10 (2025) மூன்றாம் படியையும் கேட்கின்றன. ஹாஸ்வெலுக்கு முந்திய ஐவி பிரிட்ஜ் நுண்செயலி உள்ள சர்வர், கட்டளைத் தொகுதியைப் பொறுத்தவரை, பதிப்பு 9-ஐ ஏற்கும். பதிப்பு 10-ஐ ஏற்காது. அறியாத கட்டளையை எந்த டிரைவரும் அதற்குக் கற்பிக்க இயலாது.

இரண்டாம் நிலை, டிரைவர் நீக்கப்பட்டது. டிரைவர் என்பது இயங்குதளத்திற்கும் ஓர் அட்டைக்கும் இடையே மொழிபெயர்ப்பாளராக நிற்கும் சிறு நிரல். 2019 மே மாதத்தில் ரெட் ஹாட் எண்டர்பிரைஸ் லினக்ஸ் 8 வெளியானபோது, வட்டுகளைக் கட்டுப்படுத்தும் பழைய அட்டைகள் பலவற்றுக்கான ஆதரவு விலக்கப்பட்டது. எல்.எஸ்.ஐ. நிறுவனத்தின் எஸ்.ஏ.எஸ். 2008 என்னும் சில்லு அவற்றுள் ஒன்று. அந்தச் சில்லைப் பல நிறுவனங்கள் தத்தம் சர்வர்களில் வைத்து விற்றிருந்தன. அவை வேலை செய்துகொண்டுதான் இருந்தன. சில்லில் குறையும் இல்லை. லினக்ஸின் பொதுவான மூல நிரலில் அதற்குரிய டிரைவரும் இருந்தது. ரெட் ஹாட் தன் பதிப்பில் உள்ள டிரைவரிலிருந்து அந்தச் சில்லின் அடையாள எண்ணை மட்டும் எடுத்துவிட்டது. விளைவு, புதிய தளத்தை ஏற்றத் தொடங்கினால் வட்டுகளே கண்ணுக்குப் புலப்படா.

மூன்றாம் நிலை, யாரும் சோதிக்கவில்லை என்பது. இயந்திரம் ஓடலாம், ஓடாமலும் போகலாம். பழுது வந்தால் கேட்க ஆள் இல்லை என்பது மட்டுமே உறுதி.

இம்மூன்றுக்கும் செய்ய வேண்டியவை வேறு வேறு. முதலாவதாயின் வேறு பதிப்பையோ வேறு இயந்திரத்தையோ நாட வேண்டும். இரண்டாவதாயின் அட்டையை மட்டும் மாற்றலாம், அல்லது டிரைவரைத் தேடலாம். மூன்றாவதாயின் சோதித்துப் பார்த்து முடிவு செய்யலாம். மூன்றையும் ஒரே தொடரால் குறிக்கும் பட்டியலைப் படிப்பவர் என்ன செய்வார்? இயந்திரமே பயனற்றுப் போயிற்று என்று எண்ணி அதைப் பழைய இரும்புக் கடைக்கு அனுப்புவார்; இல்லையேல் பட்டியலே பொய் என்று துணிந்து, ஏற்றக்கூடாத இடத்தில் ஏற்றிவிடுவார். இரண்டும் நட்டமே.

"இயலாது" என்பதும் "செய்வதில்லை" என்பதும்

எஸ்.ஏ.எஸ். 2008 சில்லின் கதை பின்னர் எவ்வாறு சென்றது என்பதைப் பார்த்தால் இவ்வேறுபாடு தெளிவாகும். எல்ரெப்போ என்னும் தன்னார்வலர் குழு, நீக்கப்பட்ட அட்டைகளுக்கான டிரைவர்களைத் தொகுத்து வெளியிட்டது. ரெட் ஹாட்டின் மூல நிரலோடு ஒத்துப்போகும் வகையில் உருவாக்கப்படும் அல்மாலினக்ஸ், 2024 மே மாதத்தில் வெளியிட்ட 9.4 பதிப்பில், இத்தகைய பழைய அட்டைகள் பலவற்றுக்கான ஆதரவைத் தானே மீண்டும் சேர்த்தது. ஒரு பட்டியலில் "இல்லை" என்று கண்ட அட்டை, ஏறக்குறைய அதே நிரலிலிருந்து பிறந்த வேறொரு தளத்தில் "உண்டு" ஆயிற்று. இடையில் சில்லில் எந்த மாற்றமும் நிகழவில்லை.

நுண்செயலிக் கட்டளைகள் பற்றிய முதல் நிலையிலும் ஒரு நுட்பம் உண்டு. பழைய நுண்செயலிக்கு மூன்றாம் படிக் கட்டளைகள் புரியா என்பது மறுக்க முடியாத உண்மை. ஆனால் மனிதர் எழுதிய மூல நிரலை எந்தப் படிக்கு ஏற்றவாறு இயந்திரக் கட்டளைகளாக மாற்றுவது என்பது வெளியிடுபவரின் முடிவு. அல்மாலினக்ஸ் 10, மூன்றாம் படிக்கு உரிய பதிப்போடு இரண்டாம் படிக்கு உரிய பதிப்பையும் வெளியிட்டிருக்கிறது. ஆக, "இந்தப் பதிப்பு இந்த நுண்செயலியில் ஓடாது" என்பதே சரியான வாக்கியம். "இந்த நுண்செயலியின் காலம் முடிந்தது" என்பது அதிலிருந்து தானாகப் பெறப்படும் முடிவு அன்று.

மூல நிரல் திறந்திருக்கும்போதுதான் இத்தகைய மாற்று வழிகள் பிறக்கின்றன என்பதையும் சொல்ல வேண்டும். வி.எம்.வேரின் இ.எஸ்.எக்ஸ்.ஐ. என்பது ஒரே சர்வருக்குள் பல மெய்நிகர் சர்வர்களை ஓடச் செய்யும் தளம். லினக்ஸுக்கென எழுதப்பட்ட டிரைவர்களையும் ஏற்கும் பொருட்டு, வி.எம்.கே.லினக்ஸ் என்னும் இடைப்படலம் அதில் நெடுங்காலம் இருந்துவந்தது. 2020-இல் வெளியான 7.0 பதிப்பில் அப்படலம் அகற்றப்பட்டது. அதை நம்பியிருந்த டிரைவர்களும், அந்த டிரைவர்களை நம்பியிருந்த அட்டைகளும் ஒரே நாளில் வெளியேறின. இங்கே மூல நிரல் மூடியிருப்பதால், வெளியார் வந்து பழைய டிரைவரைத் திரும்பப் பொருத்துவது எளிதன்று. அதே "ஆதரவு இல்லை" என்ற தொடர், திறந்த நிரலில் ஒரு பொருளும் மூடிய நிரலில் மற்றொரு பொருளும் பெறுகிறது.

பெயரா, எண்ணா?

இரண்டாவது குறை, பட்டியல்கள் பெயரை முன்னிறுத்துவது. படிப்பவர் தம் சர்வரின் பெயரைத் தேடுகிறார். அது கிடைத்ததும் மனநிறைவோடு திரும்புகிறார். ஆனால் சர்வர் என்பது ஒரு கூட்டுப் பொருள். ஒரே பெயரில் விற்ற இரண்டு சர்வர்களில் வட்டுக் கட்டுப்பாட்டு அட்டை வேறாகவும், வலைப்பின்னல் அட்டை வேறாகவும் இருக்கலாம். பின்னாளில் யாரேனும் ஓர் அட்டையை மாற்றியும் இருக்கலாம். சர்வர் பட்டியலில் உண்டு. அதனுள் இருக்கும் அட்டை பட்டியலில் இல்லை என்ற நிலை இவ்வாறு தோன்றுகிறது.

நிலம் வாங்குபவர் தோட்டத்தின் பெயரை மட்டும் பார்த்துப் பத்திரம் எழுதுவதில்லை. சர்வே எண்ணையும் உட்பிரிவு எண்ணையும் ஒப்பிட்டுப் பார்க்கிறார். கணிப்பொறியின் அட்டைகளுக்கும் அவ்வாறே நான்கு எண்கள் உண்டு. முதல் எண் சில்லைச் செய்த நிறுவனம். இரண்டாவது எண் சில்லின் வகை. மூன்றாவதும் நான்காவதும் அந்தச் சில்லை வைத்து அட்டை செய்த நிறுவனத்தையும் அட்டையின் வகையையும் குறிப்பவை. இன்டெல் நிறுவனத்தின் எண் 8086. எல்.எஸ்.ஐ. நிறுவனத்தின் எண் 1000, அதன் எஸ்.ஏ.எஸ். 2008 சில்லின் எண் 0072.

இச்சில்லிலேயே ஒரு வியப்பு இருக்கிறது. அட்டையினுள் நிலையாகப் பதிந்திருக்கும் நிரலை ஃபர்ம்வேர் என்பர். ஒருவகை ஃபர்ம்வேர் ஏற்றினால் இச்சில்லு தன்னை 0072 என்று அறிவிக்கும். மெகாரெய்டு என்னும் வேறுவகை ஃபர்ம்வேர் ஏற்றினால் அதே சில்லு 0073 என்று அறிவிக்கும். எண் மாறினால் அதை இயக்கும் டிரைவரும் மாறும். அட்டை மேல் அச்சிட்ட பெயரை மட்டும் படிப்பவருக்கு இது எப்படித் தெரியும்? நீளமான பட்டியல்களில் இவ்வெண்கள் இருக்கவே செய்கின்றன. ஆனால் அவை உட்பக்கங்களில் இருக்கின்றன. முன்பக்கத்தில் பெயர் இருக்கிறது.

காலம் என்னும் அளவு

மூன்றாவது குறை, பட்டியல் "உண்டு" அல்லது "இல்லை" என்று மட்டும் பேசுவது. எவ்வளவு காலத்திற்கு உண்டு என்பதை அது பேசுவதில்லை.

இ.எஸ்.எக்ஸ்.ஐ. தளம் இயங்கத் தொடங்கியதும் பெரும்பாலும் நினைவகத்திலிருந்தே ஓடும். ஆகவே அதை ஒரு சிறிய எஸ்.டி. கார்டில் வைத்து, வட்டுகளைத் தரவுக்கு ஒதுக்குவது பல ஆண்டுகள் வழக்கமாக இருந்தது. 7.0 பதிப்பில் தளத்தின் சேமிப்பு அமைப்பே மாறியது. புதிய அமைப்பு அடிக்கடி எழுதும் இயல்புடையது. எஸ்.டி. கார்டின் நினைவணுக்களோ குறிப்பிட்ட முறைகளே எழுதப்படத் தாங்கும். தளத்தை ஏற்றும் நாளில் எல்லாம் சரியாக இருந்தது. நாள்கள் செல்லச் செல்லக் கார்டுகள் பழுதாயின. 2021-இல் வந்த திருத்தப் பதிப்பு ஒன்றில் இத்தொல்லை மிகுதியாகி, அதற்கெனத் தனித் திருத்தமும் வெளியிட வேண்டியதாயிற்று. எஸ்.டி. கார்டை மட்டும் நம்பியிருக்கும் முறையைக் கைவிடுமாறு நிறுவனமே பின்னர் அறிவுறுத்தியது.

இதனினும் கடுமையான செய்தி ஒன்று உண்டு. 6.7 பதிப்பிலிருந்து 7.0-க்கு ஏறும்போது தொடக்க வட்டின் பிரிவுகள் மாற்றி எழுதப்படுவதால், ஏறிய பின் பழைய பதிப்புக்குத் திரும்பும் வழி அடைபட்டுவிடும். "ஏறலாமா?" என்ற வினாவுக்கு விடை தரும் பட்டியல், "இறங்கலாமா?" என்ற வினாவையும் கூடவே எழுப்பியிருக்க வேண்டாமா?

மறுபக்கம்

நிறுவனங்களின் தரப்பையும் கேட்க வேண்டும். ஒரு பழைய டிரைவரை வைத்திருப்பது என்றால், அதைச் சோதிக்கப் பழைய அட்டையையும் அது பொருந்தும் பழைய சர்வரையும் சோதனைச்சாலையில் பேண வேண்டும். யாரும் கவனிக்காத டிரைவரில் பாதுகாப்புக் குறை ஒளிந்திருந்தால் அது அனைவருக்கும் ஆபத்து. புதிய கட்டளைகளைப் பயன்படுத்தினால் கணக்கீடுகள் விரைவு பெறும். பழைய நுண்செயலிகளை விடாது தூக்கிச் சுமந்தால் அப்பயன் குறையும். இவை நியாயமான காரணங்களே. பழையவை எல்லாம் என்றென்றும் வாழ வேண்டும் என்று யாரும் கேட்கவில்லை.

நாம் கேட்பது காரணத்தைச் சொல்லும் ஒரு வரி மட்டுமே. "கட்டளைத் தொகுதி போதாது", "டிரைவர் நீக்கப்பட்டது", "சோதிக்கப்படவில்லை" என்ற மூன்றில் எது என்று குறிப்பதற்குப் புதிய ஆராய்ச்சி எதுவும் தேவையில்லை. நீக்கியவர்களுக்கு அது தெரியும். ரெட் ஹாட் தான் விலக்கிய அட்டைகளின் எண்களைத் தன் ஆவணம் ஒன்றில் வெளியிட்டது, வி.எம்.வேரும் 7.0 பதிப்பில் கைவிட்டவற்றின் எண்களை வெளியிட்டது. அச்செயலைப் பாராட்ட வேண்டும். ஆயினும் அவ்விவரம் ஓரிடத்திலும், பொருத்தப் பட்டியல் மற்றோரிடத்திலும் இருக்கின்றன. சேர்க்கப்பட்டவை ஒரு புத்தகம், விலக்கப்பட்டவை மற்றொரு புத்தகம் என்றால், முதற்புத்தகத்தை மட்டும் படித்தவர் ஏமாறுவது அவர் குற்றம் ஆகாது.

படிப்பவர் செய்யத்தக்கவை

பட்டியல்கள் திருந்தும்வரை, படிப்பவர்தாம் அவற்றை முறையாகப் படிக்கக் கற்க வேண்டும்.

முதலாவதாக, பட்டியலைத் திறக்குமுன் இயந்திரத்தைத் திறந்து பாருங்கள். சர்வரின் மாதிரி, நுண்செயலியின் முழுப் பெயர், ஃபர்ம்வேர் பதிப்பு, ஒவ்வோர் அட்டையின் நான்கு எண்கள் ஆகியவற்றை ஒரு தாளில் எழுதிக்கொள்ளுங்கள். லினக்ஸில் எல்.எஸ்.பி.சி.ஐ. என்னும் கட்டளை அட்டைகளின் எண்களைக் காட்டும்.

இரண்டாவதாக, பட்டியலோடு நிற்காமல் புதிய பதிப்பின் வெளியீட்டுக் குறிப்பில் "நீக்கப்பட்டவை" என்னும் பகுதியைப் படியுங்கள். அனைத்தினும் முதலிடம் வட்டுக் கட்டுப்பாட்டு அட்டைக்கு. வலைப்பின்னல் அட்டை பழுதானால் மற்றொன்றைச் செருகலாம். வட்டுகள் தெரியாவிட்டால் தரவு முழுவதும் கதவுக்கு அப்பால் நின்றுவிடும்.

மூன்றாவதாக, ஏற்றுமுன் முன்னோட்டம் பாருங்கள். நிறுவும் வட்டிலிருந்தோ பென் டிரைவிலிருந்தோ புதிய தளத்தைத் தொடங்கி, எதையும் எழுதாமல், வட்டுகளும் வலைப்பின்னலும் தெரிகின்றனவா என்று மட்டும் நோக்கலாம். பட்டியல் சொல்லாத மூன்றாம் நிலைக்கு இதுவே நேரடிச் சோதனை. ரெட் ஹாட் தளத்தில் ஏழிலிருந்து எட்டுக்கு ஏறுவதற்கு லீப் என்னும் கருவி உண்டு. அது மாற்றம் எதையும் செய்யுமுன் தடைகளை ஆராய்ந்து ஓர் அறிக்கை தரும். அவ்வறிக்கையைப் படிக்காமல் அடுத்த படிக்குச் செல்லலாகாது.

நான்காவதாக, திரும்பும் வழியை முன்கூட்டியே அமைத்துக்கொள்ளுங்கள். தரவின் படி ஒன்று அந்த இயந்திரத்துக்கு வெளியே இருக்க வேண்டும். அதிலிருந்து தரவை மீட்க முடிகிறதா என்றும் ஒரு முறை செய்து பார்த்திருக்க வேண்டும்.

இவ்வளவும் செய்தபின் "ஆதரவு இல்லை" என்ற விடை வந்தால், உடனே புதிய சர்வருக்கு விலை கேட்கப் புறப்பட வேண்டாம். "ஏன் இல்லை?" என்று அடுத்த வினாவைக் கேளுங்கள். நுண்செயலியால் இயலாததா, நிரலிலிருந்து விலக்கப்பட்டதா, யாரும் பார்க்காததா என்பதைக் கண்டறியுங்கள். ஓர் அட்டையின் விலையில் தீரக்கூடிய சிக்கலுக்காக ஒரு முழு இயந்திரத்தைக் கழித்துக் கட்டுவதும், தீராத சிக்கல் இருப்பதை அறியாமல் ஒரு மருத்துவமனையின் பதிவேட்டைப் பணயம் வைப்பதும் அந்த ஒரு வினாவினால் தவிர்க்கப்படும். பொருத்தப் பட்டியல் பயனுள்ள ஆவணம். அதைத் தூக்கி எறிய வேண்டியதில்லை. ஆனால் அதில் எழுதியிருப்பது ஒரு நிறுவனம் எதற்குப் பொறுப்பேற்கிறது என்னும் செய்தியே. இயந்திரத்தால் என்ன இயலும் என்பதை இயந்திரத்திடமே கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டும்.